(அ) ஆம் (ஆ) எழவில்லை

18 ஜூன் 2024, செவ்வாய்

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைய நல்லது அதோடு முடிந்தது. இராஜபாளையத்தில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் கண்காணிப்பாளர் வைகுண்டராஜ் சாரிடமிருந்து நாலு அழைப்பு.

“ஏம்மா ஜெபா, எங்க வாரீங்க? எல்.ஏ. கேள்வி வந்து கெடக்கு.”

எல்.ஏ. கேள்வி என்றால் எங்கள் அலுவலகத்தில் தூங்குகிறவர்கூட எழுந்து சட்டைப் பொத்தானைப் போடுவார். சட்டமன்றத்தில் ஒரு எம்.எல்.ஏ. எழுத்தில் கேட்ட கேள்வி, அமைச்சர் எழுத்தில் விடை சொல்ல வேண்டும். அமைச்சருக்கா தெரியும்? செயலகத்தில் கேட்பார்கள், செயலகம் சென்னைத் தலைமை அலுவலகத்தை, அது மதுரையை, மதுரை எங்கள் கோட்டத்தை. கோட்டத்தில் கடைசியாக என் மேசை. மேலே ஒவ்வொரு படியிலும் இரண்டு நாள் தூங்கிவிட்டு வரும். எனக்கு மட்டும் மாலை நாலு மணி வரை. பதினேழு வருடமாக இதே கூத்து.

கேள்வி இதுதான்: (அ) இராஜபாளையம் மாந்தோப்புக் காலனி ஓடையின் குறுக்கே நடைபாலம் கட்டும் பணி முடிக்கப்பட்டுள்ளதா? (ஆ) இல்லையெனில், காரணம் என்ன? (இ) எப்போது முடிக்கப்படும்?

போன வருடமும் இதே கேள்வி வந்தது. “பணி நடைபெற்று வருகிறது, 2024 மார்ச் மாதத்திற்குள் முடிக்கப்படும்” என்று நான்தான் எழுதியிருந்தேன். அதற்கு முந்தைய வருடம் “ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டுள்ளது.” அதுவும் நான்தான். உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டால் போன் அணைந்து கிடக்கிறது. மாற்றலாகிப் போய்விட்டாராம், புதியவர் இன்னும் வந்து சேரவில்லையாம்.

வைகுண்டராஜ் சார் பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்தார். “மார்ச்சுக்குள்ள முடிப்போம்னு நாமதான சொல்லிருக்கோம்? இப்ப ஜூன் ஆச்சு. முடிஞ்சிருக்கும். போடுங்க.”

“சார், ஒருதடவ பாத்துட்டு...”

“நாலு மணிக்குள்ள இராஜபாளையம் போயி ஓடையப் பாத்துட்டு வந்துருவீங்களா? மதுரைலருந்து மூணு போன் வந்தாச்சு.”

(அ) ஆம். (ஆ) எழவில்லை. (இ) எழவில்லை.

“ஆம்” என்று ஒன்றைப் போட்டுவிட்டால் மற்ற கேள்விகள் எழுவதே இல்லை. என்ன வசதி. தட்டச்சு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஓடை என் வீட்டிலிருந்து வண்டியில் போனால் பத்து நிமிடம். நான் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை.

19 ஜூன், புதன்

விடை மதுரைக்குப் போய்விட்டது. மறுகேள்வி வராத விடைதான் நல்ல விடை என்றார் வைகுண்டராஜ் சார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

4 நவம்பர் 2024, திங்கள்

என் வீட்டுக்காரர் எட்வின் ஷிப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “நம்ம யூனிட்ல கட்டிங் மேசையில நிப்பாவல்லா, சம்சாத் பேகம் அக்கா, அவிய காலைல ஓடையில விழுந்துட்டாவ. தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. மதுரைக்குக் கொண்டு போயிருக்காவ.”

சம்சாத் அக்காவை எனக்கும் தெரியும். எட்வின் மெஷின் பார்க்கும் பேண்டேஜ் யூனிட்டில் பதினைந்து வருடமாக வேலை. ஆயுத பூஜைக்குப் போனால் என் கையைப் பிடித்து உட்காரவைத்துப் பொரிகடலை தருவார்கள்.

“எந்த ஓடை?” என்று கேட்டேன்.

“மாந்தோப்புக் காலனி ஓடைதான். மலையில நல்ல மழையாம், அய்யனார் கோவில் பக்கம் தண்ணி எறங்கிருச்சு. சுத்திப் போனா மூணு கிலோமீட்டர். ஷிப்டுக்கு நேரமாச்சேன்னு எறங்கிட்டாவ.”

“எறங்குவானேன்? அங்கதான் பாலம் இருக்கே.”

எட்வின் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “எந்தப் பாலம்? ரெண்டு தூணு நிக்கி. ரெண்டு வருசமா நிக்கி. ஏன், ஒனக்குத் தெரியாதா?”

குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டேன் போல. எட்வின் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டார்.

9 நவம்பர், சனி

ஓடையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டு தூண்கள். மேலே கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு கம்பிக்கும் கரையிலிருக்கும் வேப்பமரத்துக்கும் கயிறு கட்டி யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரர் தூணோடு போனவர்தான், திரும்பி வரவேயில்லை என்று அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள். “நீங்க எந்த ஆபீசு?” என்று கேட்டாள். சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

சும்மா பார்க்க! ஜூன் மாதம் சும்மா பார்க்க வந்திருந்தால் என்ன கேடு வந்திருக்கும்? சாக்குச் சொல்லாதே ஜெபா, நாலு மணி, மதுரையிலிருந்து போன் — எல்லாம் சரி. மார்ச் மாதத்தை எழுதியது யார்? எந்த ஆதாரத்தில் எழுதினேன்? அந்த வருடம் பொறியாளர் போனில் “மார்ச்சுக்குள்ள முடிச்சுரலாம் மேடம்” என்றார். “முடிச்சுரலாம்” என்பதை நான் “முடிக்கப்படும்” ஆக்கினேன். பிறகு “முடிக்கப்படும்” என்பதை “ஆம்” ஆக்கினேன். ஒரு மூட்டை சிமெண்ட் செலவில்லாமல் தாளிலேயே பாலத்தைக் கட்டி முடித்துவிட்டேன்.

12 நவம்பர், செவ்வாய்

வைகுண்டராஜ் சாரிடம் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்துச் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். “நேர்ல பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். ரெண்டு தூணுதான் நிக்கி. நாம திருத்தி ஒண்ணு அனுப்பிருவோம்.”

“என்ன திருத்தம்மா? அது இப்ப நம்ம தாள் இல்ல. அமைச்சர் அவையில வச்ச விடை. அது தப்புன்னா அமைச்சர் அவைக்குத் தப்பான தகவல் குடுத்தாருன்னு ஆகும். உரிமை மீறல்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா? மேலருந்து கீழ வரைக்கும் உருட்டிக்கிட்டு வந்து ரெண்டு பேரு தலையில நிப்பாட்டுவான். ஒண்ணு நீங்க, இன்னொண்ணு நான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்கு மே முப்பத்தொண்ணு. ஆறு மாசந்தான் இருக்கு.”

ஓய்வு பெறுகிற அன்று சாயங்காலம் சஸ்பெண்ட் ஆன இரண்டு பேரை எனக்கே தெரியும். மாலை வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சாருக்கு மகள் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருக்கிறது. நான் வேறு என்ன சொல்ல? சரி சார் என்று வந்துவிட்டேன்.

சரியா?

2 டிசம்பர், திங்கள்

ரிஸ்வானா வந்திருந்தாள், சம்சாத் அக்காவின் மகள். பி.காம். முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் வேலை. கலெக்டர் அலுவலக மனு நாளில் பாலம் கேட்டு மனு கொடுத்தாளாம், பதில் வந்திருக்கிறது. “நீங்க கவர்மெண்டு ஆளு. இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்கக்கா,” என்று நீட்டினாள்.

எங்கள் கோட்ட முத்திரை. பக்கத்து மேசைக்காரர் தயாரித்த கடிதம். “மனுவில் கோரப்பட்டுள்ள நடைபாலம் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டுள்ளதாகச் சட்டமன்றப் பேரவையில் விடையளிக்கப்பட்டுள்ளது. எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது.”

“அம்மா ஆஸ்பத்திரியில கெடக்காவ. தொடைக்குள்ள கம்பி வச்சிருக்கு. இல்லாத பாலத்த இருக்குன்னு எழுதிருக்கான். இதுக்கு மேல யார்ட்டக்கா போவேன்? சட்டமன்றமே சொல்லிருச்சே!”

காபி போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு தம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தேன், எட்வின் வந்து குழாயை அடைக்கும் வரை.

3 டிசம்பர்

“சட்டமன்றமே சொல்லிருச்சே.” சட்டமன்றம் சொல்லவில்லையடி, நான் சொன்னேன்.

6 டிசம்பர், வெள்ளி

யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் தெரிகிறது. அவையில் வைத்த விடையை நாங்களாகத் திருத்த மாட்டோம். மனுவெல்லாம் அந்த விடையில் மோதி விழுந்துவிடும். அவையே மறுபடி கேட்டால்தான் மறுபடி விடை சொல்ல வேண்டும். மனு வந்தால் அலுவலகம் தூங்கும், கேள்வி வந்தால் எழுந்து நிற்கும். இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

ஆனால் துறைக்குள் இருந்துகொண்டு துறைக்கு எதிராகக் கேள்வி எழுதிக் கொடுப்பது... வேலை போகுமா? தெரியவில்லை. எட்வினிடம் சொன்னேன். “போனா போகட்டும், ஏட்டி, இப்படி வீட்டுக்குள்ளயே நடந்துக்கிட்டு இருக்காத. எனக்குத் தலை சுத்துது,” என்றார். வீட்டுக் கடனுக்கு யார் கட்டுவது என்று நான்தான் கேட்டேன்.

21 டிசம்பர், சனி

எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தேன். ரிஸ்வானாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எம்.எல்.ஏ. ஊரில் இல்லை. அவருடைய உதவியாளர் சந்தனம் இருந்தார், கல்யாணப் பத்திரிகை அடுக்கிய மேசைக்குப் பின்னால். மனுவையும் பதிலையும் வாசித்துவிட்டு, “இந்தா, இப்பவே கேள்வி எழுதிருவோம்” என்று ஒரு தாளில் எழுதி எங்கள் பக்கம் திருப்பினார்:

“மாந்தோப்புக் காலனி மக்களின் நீண்டநாள் கோரிக்கையான நடைபாலத்தை அமைத்துத் தர அரசு ஆவன செய்யுமா?”

என்னால் பொறுக்க முடியவில்லை. “ஆவன செய்யுமான்னு கேட்டா ஆவன செய்யும்னு வரும்ணே. நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்னு வரும். மொத நாளே தட்டச்சு செஞ்சு வச்சிருப்போம் அதையெல்லாம்.”

“வச்சிருப்போமா?” என்று நிமிர்ந்தார். “நீங்க எந்த ஆபீசு மேடம்?”

சொன்னேன். ரிஸ்வானாவை டீ வாங்கிவர அனுப்பினார். “உங்க துறையவே கேள்வி கேக்க வந்திருக்கீங்க. உங்களுக்கு இதுல என்ன?”

“அதைக் கேக்காதீங்கண்ணே. கேள்விய மட்டும் நான் சொல்லுதபடி கேளுங்க.”

சொல்லச் சொல்ல அவர் கையாலேயே எழுதவைத்தேன். என் எழுத்து எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். முடிந்ததா என்று கேட்கக் கூடாது, கேட்டால் ஒரு சொல்லில் தப்பிப்போம். கருத்துக் கேட்டால் கருத்து வரும். தேதியைக் கேட்க வேண்டும், ஆளைக் கேட்க வேண்டும், அளவைக் கேட்க வேண்டும். எந்தத் தேதியில் பணி முடிக்கப்பட்டது, எந்த நிலை அலுவலர் எந்தத் தேதியில் அதை அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்தார், பாலத்தின் நீளம் அகலம் என்ன, பொதுமக்கள் பயன்பாட்டுக்கு எந்தத் தேதியில் திறக்கப்பட்டது? இல்லாத பாலத்துக்கு இதில் ஒன்றைக்கூட எழுத முடியாது. பொய்யாக அளவு எழுதினால் அது கையெழுத்துப் போட்டவரின் வேலைக்கே உலை, எந்தப் பொறியாளரும் துணிய மாட்டார்.

சந்தனம் எழுதி முடித்துவிட்டுச் சிரித்தார். “பத்து வருசமா ஆவன செய்யுமா, ஆவன செய்யுமான்னே எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.”

ரிஸ்வானா வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “நீங்க இல்லன்னா நான் என்னக்கா செஞ்சிருப்பேன்?” கையை உருவிக்கொள்ளத் தோன்றியது. உருவவில்லை.

25 டிசம்பர்

ஆராதனையில் பாதி காதில் விழவில்லை.

30 ஜனவரி 2025

கேள்வி இன்னும் வரவில்லை. தபால் பையை யாரையும் தொடவிடாமல் நானே திறக்கிறேன். வராவிட்டாலும் பயம், வந்தாலும் பயம். சம்சாத் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்கள், வாக்கர் பிடித்து நடக்கிறார்கள் என்றார் எட்வின். யூனிட்டில் அவர்கள் இடத்துக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

18 மார்ச் 2025, செவ்வாய்

வந்துவிட்டது. மதுரையிலிருந்து வாட்ஸ்அப்பில் முதலில், பிறகு தபாலில். என் வாக்கியங்கள்தான், பேரவைச் செயலகத்தின் தாளில், வினா எண்ணோடு. நாளை மதியம் இரண்டு மணிக்குள் விடை.

வைகுண்டராஜ் சார் நின்றுகொண்டே வாசித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி வாசித்தார்.

“கேள்வியப் பாத்தா வெளியாளு எழுதுன மாதிரி இல்லையே, ஜெபா.”

நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அடுக்கியிருந்த தாள்கள்.

“அளவுப் புத்தகம் வரைக்கும் போயிருக்கான். யாரோ உள்ளுக்குள்ள இருக்குற ஆளுதான்.” என் முகத்தைப் பார்த்தார். நான் நிமிரவில்லை. “தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது. இதைப் போட்டுருங்க. ஒரு வாக்கியம். அடுத்த கூட்டத்தொடர் வர எத்தன மாசம் ஆகும்? அதுக்குள்ள எனக்கு மே முடிஞ்சிரும்,” என்றார்.

இந்த ஓட்டையை எப்படி மறந்தேன்! பத்து வருடம் ஆவன செய்யுமா என்று எழுதியவரைக் கிண்டல் செய்தேனே. எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

நாளைக்குச் சொல்கிறேன் சார் என்று வந்துவிட்டேன். திரும்பும்போது பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

19 மார்ச், புதன்

காலையில் போனதும் எழுதிவிட்டேன். யோசித்தால் எழுத மாட்டேன் என்று தெரியும்.

பணி முடிக்கப்படவில்லை. இரண்டு தூண்கள் மட்டும் கட்டப்பட்டுள்ளன. மற்ற வினாக்களுக்கு அளிக்க அளவுகளோ தேதிகளோ இல்லை. எஞ்சிய பணிக்கு மறு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட வேண்டும். 

அதோடு அலுவலகக் குறிப்பு ஒன்று: “2024 ஜூன் மாத விடையைத் தலத்தை நேரில் பார்வையிடாமலும், கண்காணிப்பாளரைக் கலந்தாலோசிக்காமலும் நானே தயாரித்தேன்.”

முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய் எழுத வேண்டியிருந்தது. வேறு எப்படி அவர் கையெழுத்துப் போடுவார்? கையெழுத்து இல்லாமல் விடை மதுரைக்குப் போகாது. மகள் கல்யாணப் பத்திரிகையை அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார், என்னிடமும் ஒன்று தந்திருக்கிறார்.

சார் குறிப்பை மூன்று முறை வாசித்தார். “கலந்தாலோசிக்காமலும்” என்ற சொல்லின் மேல் பேனாவைக் கொண்டுபோய் நிறுத்தினார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

கையெழுத்துப் போட்டார். “சரிம்மா,” என்றார். என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பயத்தில் இல்லை, கோபத்தில். நானே கொடுத்ததை அவர் எடுத்துக்கொண்டார் என்று கோபப்பட என்ன உரிமை எனக்கு? ஆனாலும் கோபம் வருதே! வந்துக்கிட்டே இருக்கே.

20 மார்ச்

மதுரையிலிருந்து போன்: “ஏன் மேடம், தெரிஞ்சுதான் அனுப்புனீங்களா?” தெரிந்துதான் என்றேன். போனை வைத்துவிட்டார்கள்.

9 ஏப்ரல் 2025, புதன்

வீட்டுக்கு வந்து கைப்பையை வைப்பதற்குள் ரிஸ்வானா ஓடிவந்தாள். கையில் ஜெராக்ஸ். “அக்கா! வந்துருச்சு! எம்.எல்.ஏ. ஆபீசுல குடுத்தாவ!” மூச்சு வாங்க வாசித்தாள். பணி முடிக்கப்படவில்லை. எஞ்சிய பணி செப்டம்பருக்குள் முடிக்கப்படும். முந்தைய விடை கீழ்நிலைப் பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் தவறாக அளிக்கப்பட்டது, அவர் மீது துறை நடவடிக்கை எடுக்கப்படுகிறது.

அமைச்சர் சொல்லிவிட்டார். ஒரு நொடி எனக்கு அவ்வளவு சந்தோஷம். சிரித்துவிட்டேன்.

“எவனோ ஒருத்தன்க்கா. ஃபேனப் போட்டுக்கிட்டு உக்காந்து ஆம்னு எழுதிருக்கான். அவன் வீட்டு ஆளு அந்தத் தண்ணியில எறங்கிருந்தா எழுதிருப்பானா? அவன மட்டும் என் கையில காட்டுங்க...”

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. சந்தனத்துக்குச் சந்தேகம் இருக்கலாம், அவ்வளவுதான். வாயிலிருந்து வந்துவிட்டது.

“எவனோ இல்ல, ரிஸ்வானா. நான்தான்.”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். நாலு மணி, மார்ச் மாதம் என்று எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன், எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

“டிசம்பர்ல நான் வந்து அழுதப்போ தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“காபி போட்டுக் குடுத்தீங்களே,” என்றாள். அவ்வளவுதான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

24 ஏப்ரல், வியாழன்

மெமோ வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். கூடவே மாற்றல் உத்தரவும். வ. புதுப்பட்டி. இனி இரண்டு பேருந்து மாற வேண்டும்.

31 மே 2025, சனி

வைகுண்டராஜ் சாருக்கு நேற்றே விழா. எனக்கும் அழைப்பு வந்தது, போகவில்லை. சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்தார், கையில் பால்கோவா டப்பா. எட்வின் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“விளக்கத்துல என் பேர நீங்க சொல்லல.”

“சொல்லல சார்.”

“சொல்லிருந்தாலும் நான் தப்புன்னு சொல்லிருக்க மாட்டேன்,” என்றார்.

அப்படியானால் அன்று அந்தச் சொல்லை அடிக்காமல் பேனாவை ஏன் எடுத்தீர்கள் சார் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கல்யாணம் என்றைக்கு என்று கேட்டேன். தேதி எனக்கு ஏற்கெனவே தெரியும். பால்கோவாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

11 ஜூலை, வெள்ளி

ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். வேலை தப்பியது. எட்வின் மீன் வாங்கி வந்தார். ஓடையில் ஆட்கள் இறங்கி வேலை நடக்கிறதாம், யூனிட் வாசலிலிருந்து பார்த்தாராம்.

ரிஸ்வானாவை இரண்டு தடவை கடைவீதியில் பார்த்தேன். இரண்டு தடவையும் எதிர்ப்பக்கம் கடந்து போனாள்.

12 அக்டோபர் 2025, ஞாயிறு

சம்சாத் அக்கா வரச் சொன்னதாக எட்வின் வந்து சொன்னார். எதற்கு என்று கேட்டால், “எனக்கென்ன தெரியும்? பாலத்துக்கு வான்னு சொன்னாவ,” என்கிறார். ஆலயம் முடிந்து அப்படியே போனேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

பாலம் நிற்கிறது. நிஜமாகவே. ஈர சிமெண்ட் வாசனை இன்னும் போகவில்லை. சம்சாத் அக்கா ஒரு கையில் ஊன்றுகோலோடு நடுப்பாலத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். கீழே தண்ணீர் அதிகமில்லை. ரிஸ்வானா மறுமுனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி ஜெபா, இங்கிட்டு வா. நீ ஆம்னு எழுதுனதும் எனக்குத் தெரியும், இல்லன்னு எழுதுனதும் தெரியும். அதைப் பொறவு பேசிக்கிடுவோம். மொதல்ல இந்தக் கைப்பிடியப் பாரு. என் இடுப்புக்குக்கூட வரல. சின்னப்பிள்ளைக எட்டிப் பாத்தா தலைகுப்புறப் போயிரும்லா? எம்புட்டு இருக்கணும் இது?”

வரைபடம் பலமுறை என் கை வழியாகப் போன தாள்தான். “மூணரை அடி, அக்கா.”

“அப்போ எழுது. ஒனக்குத்தான அவியள மாட்டிவிடத் தெரியும்?”

மெமோ வாங்கினவளுக்குப் பயம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். விடவில்லை. சந்தனத்தின் மேசையும், தபால் பையும், மதுரைப் போனும் ஒரு சுற்று வந்துபோயின. எழுதுகிறேன், ஆனால் அளக்காமல் எழுத மாட்டேன் என்றேன்.

டேப் யாரிடம் இருக்கிறது? அக்கா மகளைப் பார்த்தார்கள். ரிஸ்வானா வீட்டுக்குப் போய்த் தையல் டேப்பை எடுத்து வந்தாள். ஒரு முனையை நான் தளத்தில் அழுத்திப் பிடித்தேன். அவள் மறுமுனையைக் கைப்பிடியின் மேல் விளிம்புக்கு இழுத்து, குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“ரெண்டு அடி ஏழு இஞ்ச்,” என்றாள்.

ஆறு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எழுதும் முன் இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். முறைத்தாள். ஆனாலும் அளந்தாள்.